பதிஞ்சவங்களுக்கு மட்டும்

அழகம்மாவிடம் "ஹட்டன் பஸ் போயிருச்சா அக்கா?" என்று கேட்டால், "ஏன், நீ எங்க போகணும்?" என்பாள். கேரட் என்ன விலை என்றால், "எத்தன வேணும்னு மொதல்ல சொல்லு" என்பாள். யார் எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து திரும்பி வருவது இன்னொரு கேள்விதான். பஸ் ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "அழகம்மாகிட்ட பேரக் கேட்டுப் பாரு, ஒங்கப்பன் பேர மொதல்ல சொல்லுன்னு நிக்கும்."

அவள் சந்தைக்கு வெளியே, ரோட்டோரத்தில் சாக்கு விரித்து லீக்ஸ், கேரட், கோவா என்று மலைநாட்டுக் காய்கறி விற்றவள். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் உள்ள சின்ன டவுன் அது. பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கேள்விகளுக்கு அவள் பயப்படத் தொடங்கியது புருஷன் மாயாண்டி உயிரோடு இருந்த காலத்தில். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டுப் பதிய வேண்டியிருந்த காலம்; அந்த விசாரணைக்கு இரண்டு பேரும் போயிருந்தார்கள். விசாரணை செய்த அதிகாரி நல்ல மாதிரியான மனுஷர். உட்காரச் சொன்னார். தோட்டத்தில் என்ன வேலை, பிள்ளைகள் உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, இந்தியாவுக்குப் போய் வந்ததுண்டா என்று கேட்டார். மாயாண்டிக்குச் சந்தோஷம். ஊருக்குப் போனது, குலசாமிக்குக் கெடா வெட்டியது, ஒன்றரை வருஷம் தங்கித் தங்கச்சி கல்யாணத்தை முடித்துவிட்டே வந்தது, எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னான். ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்கியவர்கள் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"அந்தாளு சிரிச்சுக்கிட்டேதான் தம்பி கேட்டாரு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

எங்கள் அப்பாவுக்கு அதே விசாரணையில் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்பாவின் கெட்டிக்காரத்தனம் எதுவும் அதில் இல்லை. ஊருக்குப் போய் வர வழியில்லாமல் கிடந்தார், அவ்வளவுதான். அதனால் நான் பேராதனைக்குப் போனேன், பட்டம் வாங்கினேன். அழகம்மா, மாயாண்டி செத்த பிறகு தோட்டத்து லயத்துக் காம்பராவை விட்டு, டவுனில் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலுக்கு வந்தாள். இந்த இரண்டு வாழ்க்கைக்கும் நடுவே இருந்தது ஒரு கப்பல் பயணம். இதை நினைக்கிறபோதெல்லாம் என் படிப்பின் மேல் எனக்கே ஒரு சந்தேகம் வருகிறது.

அவளை நான் முதலில் பார்த்தது சந்தையில் அல்ல, பட்டின சபைக் கூட்டத்தில். அறுபத்தொன்றாம் வருஷம். சபை ஆபீசில் ஒரு எழுதுவினைஞர் இடம் காலியாகும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் அங்கே அடிக்கடி போய் வந்தேன். மாதாந்தக் கூட்டம் மாடியில் நடக்கும். பின்சுவரோரம் பொதுமக்களுக்கென்று ஒரு நீள வாங்கு கிடந்தது. அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழகம்மா உட்கார்ந்திருந்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

கூட்டம் சிங்களத்தில் நடந்தது. போன கூட்டத்து அறிக்கை வாசித்தார்கள். பஸ் ஸ்டாண்டுச் சாக்கடைக் கானில் தண்ணீர் தேங்குவது, எரியாத தெருவிளக்கு, ரோட்டில் திரியும் மாடுகள், மயானத்து வேலி. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பிரேரிக்க இன்னொருவர் ஆமோதித்தார். அழகம்மா பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும்.

அவள் அங்கே வந்து உட்காரத் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. ஒருநாள் சபை ஆட்கள் வந்து அவள் சாக்கைக் கானுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னார்கள். "கவுன்சில்ல முடிவாயிருச்சு" என்றார்கள். "யாரு முடிவு பண்ணுனா? எங்க உக்காந்து பண்ணுனாங்க?" என்று கேட்டாள். ஒருவன் கிண்டலாக மாடியைக் கை காட்டினான். அடுத்த மாதமே ஏறிவிட்டாள்.

அங்கத்தவர்களுக்கு அவளைப் பார்த்தாலே உறுத்தியது. இடதுசாரிக் கட்சி அனுப்பிய ஆள் என்றார் ஒருவர். யூனியன் ஆள் என்றார் மற்றவர். ஆபீஸ் கிளாக்கர் தம்பு, யாழ்ப்பாணத்துக்காரர், படியில் வைத்தே கேட்பார்.

"என்னணை, இண்டைக்கும் வந்திட்டியளோ?"

"ஏங்கய்யா, கதவு தொறந்துதானே கெடக்கு?"

"வாங்கோ வாங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஒன்னும் சொல்லலைன்னா அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

தம்பு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும் முன் சபை, சந்தையோடு சேர்த்துக் கூரை போட்ட ஒரு மண்டபம் கட்டி முடித்தது. ரோட்டோரம் நனைந்து விற்கிறவர்களுக்கு உள்ளே இடம் பிரித்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. இடத்தைவிட ஆட்கள் அதிகமானால் சீட்டுப் போட்டு எடுப்பது. அழகம்மாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு சாக்கு விரிக்கும் இடம்தான். போன மழையில் நெஞ்சுச்சளி பிடித்து ஒரு மாதம் படுத்தவள். இன்னொரு மழையை ரோட்டில் தாங்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த முடிவு எடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஹட்டனில் ஒரு பள்ளிக்கூட நேர்முகத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது செல்லசாமியின் மணிச் சத்தம் கேட்டது. செல்லசாமி சபையில் கூலி வேலை பார்ப்பவர். அறிவிப்பு இருந்தால் கைமணியை ஆட்டிக்கொண்டு ரோடு ரோடாகப் போய்த் தமிழில் கூவுவார்.

"புதுச் சந்தையில எடம் வேணுங்கிறவங்க வெள்ளிக்கெழமைக்குள்ள ஆபீசுக்கு நேர்ல வந்து பேர் குடுக்கணும். பதிஞ்சவங்களுக்கு மட்டும். பதிஞ்சவங்களுக்கு மட்டும்."

எங்கள் ஆட்களிடம் "பதிஞ்சவங்க" என்றால் ஒரே அர்த்தம்தான். பிரஜாவுரிமை பதிந்தவர்கள். ரோட்டோரம் உட்கார்ந்த பெண்களில் பதிந்தவர்கள் மிகக் கொஞ்சம். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் காய்களுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். நாகலெட்சுமி மட்டும், "செல்லசாமி யாருகிட்டயாச்சும் காசு வாங்கிக்கிட்டு கத்துறானா?" என்றாள்.

"இல்ல" என்றாள் அழகம்மா. "நான் மாடியில இருந்தேன். என் காதால கேட்டேன். பதிஞ்சின்னுதான் சொன்னாங்க, ரெண்டு மூணு வாட்டி."

யாரையும் நம்பாத அழகம்மாவே சொல்லிவிட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் போய்ப் படித்தேன். "நகரயே பதிஞ்சி அயட்ட" என்று இருந்தது. சிங்களத்தில் 'பதிஞ்சி' என்றால் குடியிருப்பது. நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு, அவ்வளவுதான். பிரஜாவுரிமை பற்றி ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை.

செல்லசாமியைப் பிடித்துக் கேட்டேன். "நான் என்னாங்க செய்வேன்? பதிஞ்சின்னு சொல்லி அனுப்புனாங்க, பதிஞ்சவங்கன்னு கத்துனேன்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கடை முதலாளி தன் ஆட்களின் பெயரில் அங்கே இடம் பிடிக்கப் பார்க்கிறார் என்று ஒரு பேச்சு இருந்தது. செல்லசாமி தெரியாமல் கூவினாரா, தெரிந்துதான் கூவினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "திருப்பிக் கூவுங்க" என்றேன். "தப்பாக் கத்துனேன்னு நானே சொன்னா வேலை போயிரும்" என்று மணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அழகம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"யாரு சொன்னா?"

"நோட்டீஸ்ல இருக்கு அக்கா."

"நோட்டீச யாரு எழுதுனா?"

"கவுன்சில்தான்."

"ஒனக்கு அங்க வேல தர்றேன்னு சொல்லியிருக்காங்கள்ல?"

நோட்டீசில் இருந்ததை அப்படியே திரும்பவும் சொன்னேன்.

"எங்கள உள்ள கூப்புட்டு, பேரு என்னா, எங்க இருக்க, பதிஞ்சியா இல்லையான்னு கேட்டு, இல்லாதவங்கள எல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேத்தவா? போ தம்பி. நல்லாப் படிச்சிருக்க."

'பதிஞ்சி' என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆபீசுக்குள் அவளிடம் என்ன கேட்பார்கள் என்பது தெரியுமா? தெரியாது. ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் அங்கிருந்து போகவில்லை. பக்கத்தில் வெற்றிலை விற்கும் சோமாவதியிடம் தீப்பெட்டி வாங்குவதுபோல் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அழகம்மா, வானத்தைப் பார்த்தபடி, எங்கே குடியிருக்கிறாய் என்று சோமாவதியைச் சிங்களத்தில் கேட்டாள்.

"சோமாவதி, ஒயா கொஹெத பதிஞ்சி?"

"மம கினிகத்தேன. ஏன்? இத்தின வருசம் பக்கத்தில குந்தி இன்னிக்கு வீடு கேக்கிறது?"

"சேர்மன் மஹத்தயா கொஹெத பதிஞ்சி?"

"அந்தா, மேல ரோட்டு, மஞ்சள் வீடு. ஏன், கல்யாணம் பேசப் போறதா? அவருக்குப் பொஞ்சாதி இருக்கு."

அழகம்மா சிரிக்கவில்லை. இந்தச் சொல்லை அவள் இதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருப்பாள். மாடியில் சபைக்காரர்கள் வாயிலிருந்து வந்தபோது மட்டும் அது வேறு சொல்லாகக் காதில் விழுந்திருக்கிறது. கையிலிருந்த லீக்ஸ் கட்டை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். பிறகு எழுந்து மற்றவர்களிடம் போனாள்.

அங்கே அவளுக்கு நடந்ததை நான் மறக்க மாட்டேன்.

"நேத்து பதிஞ்சவங்களுக்குன்ன. இன்னிக்கு எல்லாருக்கும்ங்கிற" என்றாள் நாகலெட்சுமி. "எது நெசம்?"

"நேத்து காது தப்பாக் கேட்டுருச்சு."

"ஒனக்கா? ஒனக்கு ஈ பறந்தாக் கேக்குமே."

கோவா விற்கும் வேலாயி இன்னும் கூர்மையாகக் கேட்டாள். "மாசாமாசம் அவங்ககூட மாடியில போயி உக்காந்தியே, இதுக்குத்தானா? எங்க பேரப் புடிச்சுக் குடுக்கவா?"

"எனக்கு யாரு என்னா குடுத்தா வேலாயி?"

"அத நீதான் சொல்லணும்."

அழகம்மா திரும்பி வந்து தன் சாக்கில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க யாரும் அவளோடு பேசவில்லை. இப்போது அவள் தனியாகப் போய்ப் பெயர் கொடுத்தால், மற்றவர்களை விலக்கிவிட்டு இடம் பிடித்தவள் ஆவாள். போகாவிட்டால் அடுத்த மழை ரோட்டில்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் தலை சீவி, வெளுத்த சேலை கட்டி வந்தாள். கூடையைச் சோமாவதியிடம் விட்டாள். ரோட்டின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் போறேன். எடம் கொஞ்சந்தான் இருக்கு. யாரும் என் பின்னால வந்துறாதீங்க."

பாதி ரோடு போவதற்குள் வேலாயி எழுந்தாள். "என்னா செய்றான்னு பாத்துட்டு வர்றேன்" என்றாள். பிறகு நாகலெட்சுமி. பிறகு எல்லோரும். நானும் பின்னால் போனேன்.

ஆபீசில் தம்பு மேசைக்கு முன்னால் அழகம்மா நின்றாள். மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"பேர்?"

"எதுக்குங்க?"

"பேர் இல்லாமல் எப்பிடியணை இடம் தாறது?"

"அழகம்மா."

"எங்கை இருக்கிறியள்?"

"எதுக்கு அதக் கேக்குறீங்க?"

"டவுனுக்குள்ளையோ வெளியிலையோ எண்டு பாக்கத்தான்."

"பள்ளிவாசலுக்குப் பின்னால."

"எவ்வளவு காலமா?" தம்பு சிரித்துக்கொண்டே கேட்டார்.

அழகம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க இந்த ஆபீசுக்கு வர்றதுக்கு முந்தியே" என்றாள் கடைசியில்.

"அது சரி. நீங்கள் போகலாம்."

"வேற ஒன்னும் கேக்கலையா? பதிஞ்சிருக்கியான்னு?"

"நான் ஏனணை அதைக் கேக்கிறன்?"

அவள் ஏமாந்து போனவள்போல் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குள் வேலாயி அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மேசைக்கு வந்துவிட்டாள். "வேலாயின்னு எழுதுங்கய்யா. நானும் பள்ளிவாசலுக்குப் பின்னாலதான். இவளுக்கு முந்தியே." அடுத்தவள், அதற்கடுத்தவள். அவர்கள் அழகம்மாவைப் பிடிக்க வந்தவர்கள். வந்த இடத்தில் பெயர் கொடுத்தார்கள்.

"வராதீங்கன்னு நீ சொன்னது, வரணும்னுதானே?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"ஏன் கேக்குற?" என்றாள்.

இடத்தைவிடப் பெயர்கள் அதிகமாகிவிட்டன. அடுத்த வாரம் சந்தை வாசலில் ஒரு பிஸ்கட் தகரத்தில் சீட்டுகளைப் போட்டு எடுக்க ஏற்பாடாயிற்று. அழகம்மா தகரத்தை வாங்கிக் கவிழ்த்துத் தட்டினாள், விளிம்பைத் தடவினாள், சீட்டுகள் ஒரே அளவில் மடித்திருக்கின்றனவா என்று பார்த்தாள். தம்பு பொறுமையாக நின்றார். "இப்ப எடுக்கச் சொல்லுங்க" என்றாள். நாகலெட்சுமிக்கு இடம் விழுந்தது. வேலாயிக்கும் விழுந்தது. அழகம்மா எடுத்தது வெற்றுச் சீட்டு.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தகரத்தைப் பார்த்தாள். "நானேதான் தட்டிப் பாத்தேன்" என்று சொன்னாள், யாரிடமும் அல்ல.

அடுத்த திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அழகம்மா புதுச் சந்தை வாசலுக்கு வெளியே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே நாகலெட்சுமி தன் கூடைகளை ஓரமாக நகர்த்தினாள்.

"உள்ள வா."

"எதுக்கு?"

"மழை பெய்யுது."

"அதுக்கு நான் என்னா தரணும்?"

"ஒன்னும் தர வேணாம், தாயே. வந்து உக்காரு."

அழகம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேரட் கூடையை மட்டும் தூக்கிக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு, தான் வெளியிலேயே நின்றாள்.