பினாங்கில் ஒரு செக்கோச்சி

காலை ஒன்பதரைக்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கினேன். பினாங்குக்கு வருகிறவர்கள் கோயில், கடற்கரை, சாப்பாடு என்று வருவார்கள். நான் ஒரு விரல் நீள இரும்புத் துண்டைத் தேடி வந்தேன். தேவகோட்டையில் என் அம்மாவின் கையால் சுற்றும் தையல் மெஷின் இருக்கிறது. அதற்கடியில் படகு வடிவத்தில் ஒரு ஷட்டில் ஓடும்; வீடு மாற்றியபோது அது தொலைந்துபோயிற்று. புதிதாக விற்கிற எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. அம்மா போன பிறகு அந்தச் சத்தத்தை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது.

பழைய மெஷின் பிரியர்களின் இணையக் குழுவில் மங்களேஸ்வரி என்ற பினாங்கு அக்கா பதில் போட்டிருந்தார்: “என்கிட்ட செக்கோச்சி இருக்கு, வந்து பாருங்க.” இங்கே ஷட்டிலுக்கு அதுதான் பெயராம். புதுச் சொல் கிடைத்த பெருமையில் டாக்சிக்காரரிடமும் அளந்துவிட்டேன்.

“கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் போகணும் அண்ணே. ஒரு செக்கோச்சி பார்க்க வந்திருக்கேன்.”

அவர் தலையாட்டினார். பதினாறு கிலோமீட்டர் சொச்சம் ஓட்டி, நாற்பத்தைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட், வாங்கிக்கொண்டு, என்னைக் கடலோரப் படகுத்துறையில் இறக்கினார்.

“இங்கதான் அக்கா செக்கோச்சி எல்லாம் நிக்கும். எது வேணுமோ பாருங்க லா.”

மலாயில் செக்கோச்சி என்றால் முதலில் படகு, அப்புறம்தான் ஷட்டில். “தையல் மெஷின் செக்கோச்சி அண்ணே!” என்றதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஐயோ, எங்க வீட்டு மெஷின்ல இருக்கறதும் அதுதானே!” என்று மறுபடி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சந்தில் பழைய கடைவீடு. கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை, மாடியில் அக்கா. கெப்பாலா பத்தாஸ் அரசாங்க ஆபீசில் கிராணியாக, நம்மூர்ப் பேச்சில் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்தவராம்.

“வாங்க தங்கச்சி. வெளிய ரொம்ப பானாஸ் லா, ஃபேனுக்குக் கீழ உட்காருங்க.”

நான் எங்கே உட்கார்ந்தேன்! ஜன்னலோரம் மெஷின் நின்றது. கரிய இரும்பு உடம்பில் பொன் கொடிகள், தேய்ந்துபோன மரக் கைப்பிடி. என் அம்மாவுடையதற்குக் கூடப்பிறந்தது போலவே இருந்தது.

தையல் மெஷின் பிறந்த கதையே அடிதடிக் கதை. பிரான்சில் ஒரு தையல்காரர் மெஷின்களை ஓட்டத் தொடங்கியபோது, பிழைப்பு போய்விடும் என்று மற்ற தையல்காரர்கள் திரண்டுவந்து நொறுக்கிவிட்டார்கள். அது ஒற்றை நூல் தையல். நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். பிறகு அமெரிக்காவில் ஊசியின் காதை முனைக்குக் கொண்டுவந்து, அடியில் இரண்டாவது நூலைச் சுமக்க ஒரு படகை ஓடவிட்டார்கள். மேல் நூலும் கீழ் நூலும் துணிக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கீழ் நூலைச் சுற்றிவைக்க வட்டப் பாபின் வந்ததும் படகுக்கு வேலையில்லாமல் போயிற்று.

அக்கா தகட்டை நகர்த்தினார். உள்ளே பளபளவென்று படகு. உபரியாக வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்து வந்தேன். இது அந்த மெஷினுக்கே உரியது.

“செக்கோச்சி இருக்கு, உள்ள போடற நீட்டு பாபின்தான் காணாமப் போச்சு. அம்மா போனதிலேர்ந்து சும்மாதான் நிக்குது.”

அளவு பார்ப்பதற்காக என் அம்மாவின் கடைசி பாபினைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தேன். நான் பாபினை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் அவர் படகைத் தர வேண்டும். இரண்டு அம்மாக்களின் மெஷின்களில் ஒன்றுதான் இனி ஓடும்.

பாபினில் நூல் சுற்றிப் படகுக்குள் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

“நீங்க தைங்க. நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன்” என்றார் அக்கா. “சின்னப் பிள்ளையில மத்தியானம் அம்மா தைப்பாங்க, நான் அந்த ரூம்ல தூங்குவேன். அங்கேர்ந்துதான் கேட்டுப் பழக்கம்.”

கதவைப் பாதி சாத்திக்கொண்டார். ஒரு பழைய தலையணை உறையின் ஓரத்தைத் தைத்தேன். டக்-கர், டக்-கர் என்று படகு முன்னும் பின்னும் போய் வந்தது. எனக்கு அழுகை வந்தது; தன் அம்மாவின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அக்கா மேல் பொறாமையும் வந்தது. உறை முடிந்த பிறகும் கையை நிறுத்தப் பயந்து வெறுந்துணியில் தைத்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து, படகை எடுத்துத் துடைத்து, பாபினோடு சேர்த்து என் கையில் வைத்தார்.

“நான் கேட்டுட்டேன். நீங்க போய்க் கேளுங்க.”

உபசாரத்துக்குக்கூட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழ்க்கடையில் பன்னிரண்டு வெள்ளிக்குச் சோறு வாங்கி வந்து போட்டார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். மறுநாள் விமானம் மேலெழும்போது, ஊரைத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

தேவகோட்டைக்கு வந்ததும் படகைப் பொருத்தினேன். அக்காவைக் கைபேசியில் அழைத்து, அதை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். எங்கள் வீட்டு மெஷினுக்குக் கொஞ்சம் கனத்த குரல்.

“சத்தம் வேற லா” என்றார் அக்கா. “இது எங்க அம்மா இல்ல, தங்கச்சி. உங்க அம்மா.”