றுஷ்னாவுக்குத் தலை கழுவும் நாள்

அஸ்காவுக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் விடிந்ததும் இறால் கம்பனியின் பஸ் கரைத்தீவுக்கு வந்துவிடும். பொழுது முழுக்க ஐஸ் தண்ணீரில் கைவைத்து இறால் உரித்துவிட்டு மங்கும் நேரத்தில் வீடு திரும்புவாள். தங்கை றுஷ்னாவை அதுவரை பக்கத்து வீட்டு மாமி பார்த்துக்கொள்வார். தலை கழுவிவிடுவது மட்டும் மாமியால் முடியாது. அது லீவு நாளுக்கென்று காத்திருக்கும்.

றுஷ்னாவுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. மனம் மட்டும் ஐந்தாறு வயதில் நின்றுவிட்டது. முடியோ இடுப்பைத் தாண்டித் தொங்கும். உம்மா மௌத்தாகும்வரை அதைக் கழுவிப் பின்னியவர் உம்மாதான்.

உம்மாவைப் போலவே அஸ்காவும் முதலில் உடுப்புக் கழுவும் சவர்க்காரத்தைத்தான் தேய்த்தாள். கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர், நுரைக்காது. மாப் போல வெள்ளையாக ஏதோ முடியில் படியும். றுஷ்னா சொறிந்து சொறிந்து தலையைப் புண்ணாக்கிக்கொண்டாள். கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, தலைத்தோலுக்கு இயல்பாகவே கொஞ்சம் புளிப்புத்தன்மை உண்டு என்றும், சவர்க்காரத்தின் காரம் அதைக் கெடுத்துவிடுகிறது என்றும் சொல்லி, ஷாம்பு போடச் சொன்னார்.

ஷாம்பு கண்ணில் பட்டதும் றுஷ்னா அலறினாள். பிடித்திருந்த அக்காவின் மணிக்கட்டைக் கடித்தும் விட்டாள். அதன்பிறகு வாளியைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வாள். அஸ்கா குழந்தைப் பிள்ளைகளின் ஷாம்பு வாங்கிவந்தாள். கண் எரியவில்லை. ஆனால் காய்ந்ததும் முடி தும்புபோல ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. சீப்பு வைக்கும்போதெல்லாம் அழுகை. ஒரு வெள்ளிக்கிழமையின் பாதி அதிலேயே போகும்.

வெட்டிவிடச் சொல்லாதவர்கள் இல்லை. அஸ்கா கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் றுஷ்னாவின் பின்னலைக் கையில் எடுத்து, என்ன முடி இது என்று வியப்பார்கள். அவளிடமுள்ள வேறு எதையும் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கூட வேலை செய்யும் ஒருத்தியின் கல்யாணத்துக்கு, தலவிலப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கும் மெரினா மணப்பெண்ணுக்கு உடுத்திவிட வந்திருந்தாள். கண்ணும் எரியாமல் முடியும் சிக்காமல் எப்படிக் கழுவுவது என்று அவளிடம்தான் அஸ்கா கேட்டாள்.

"குழந்தைப் பிள்ளைட ஷாம்பு கண்ணீர் மாதிரி, புளிப்பும் இல்ல, காரமும் இல்ல. அதால கண்ணுக்குச் சுகம்" என்றாள் மெரினா. "முடி அப்பிடி இல்ல. கொஞ்சம் புளிப்பு இருந்தாத்தான் படிஞ்சு கிடக்கும். கண்ணுக்கு நல்லது முடிக்குச் சரிவராது அக்கா."

"அப்ப நான் எதப் பாக்கிற? கண்ணையா, முடியையா?"

ஆளை மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் தொங்கவிட்டுக் கழுவும்படி மெரினா சொன்னாள். சலூனில் அப்படித்தான், தண்ணீர் முகத்துக்கே வராதாம்.

அஸ்கா உட்காரும் நீள வாங்குப் பலகையைக் கிணற்றடிக்கு இழுத்துப் போட்டாள். முதல் வாரம் றுஷ்னா படுக்க மறுத்தாள். அடுத்த வாரம் படுத்தாள். தென்னோலைக்கு மேலே காகங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பெரியவர்களின் ஷாம்பு கண்ணுக்கு எட்டாமல் பின்னால் வழிந்து போனது. இரண்டு மூன்று மாதத்தில் புண் ஆறியது, சிக்கும் குறைந்தது. அஸ்காவின் முதுகுதான் போய்விட்டது. குனிந்து நின்று கழுவி முடிக்கும்போது நிமிரச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்படிச் சுவரைப் பிடித்து நின்ற ஒரு நாள், றுஷ்னா எழுந்து ஈரத்தலையோடு அவளையே பார்த்தாள்.

"ராத்தா, நீ படு. நான் கழுவுறன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் அஸ்கா வாயெடுத்தாள். உலையில் அரிசி போடவேண்டும், உடுப்பு ஊறிக்கிடக்கிறது. சொல்லக்கூடத் தெம்பில்லாமல் வாங்கில் படுத்தாள்.

றுஷ்னா ஷாம்புவை முன்நெற்றியிலேயே கொட்டினாள். நுரை நெற்றி தாண்டி நேரே கண்ணுக்குள் இறங்கியது. எரிச்சல் தாங்கமுடியவில்லை. இதையா இவள் இத்தனை நாளும் பட்டாள் என்று அஸ்கா நினைத்தாள். ஆனாலும் எழும்பவில்லை. பகலில் படுத்து எவ்வளவு காலம் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

"எரியிதா ராத்தா?"

"ஓம்."

றுஷ்னா தன் சட்டைக் கையால் அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றினாள். அஸ்கா கண்களை மூடிக்கொண்டு, வாளி முடியும்வரை கிடந்தாள்.