தட்டில் இல்லாத சாவி

அந்த ஆயுத பூசையைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் உட்கார்ந்து சொல்ல முடியாது. எழுந்து நின்று கையை ஆட்டித்தான் சொல்வேன். வீட்டில் எல்லோருக்கும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இருந்தாலும் சொல்லாமல் விடமாட்டேன்.

கோட்டாற்றில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு. 'எங்கள்' என்று இப்போது சொல்கிறேன். அன்று காலை வரை அது அவர்களுடையது. பதினோரு ஆண்கள், பதினோரு வண்டிகள். வரிசையில் முன்னால் நிற்பவருக்கு முதல் சவாரி, அடுத்தவருக்கு அடுத்தது. அதற்குப் பெயர் முறை. நான் ஆட்டோ ஓட்ட வந்து எட்டு மாதமாகியும் எனக்கு முறை கிடையாது. எதிர்ப்பக்கம் டீக்கடையோரமாக வண்டியைப் போட்டுக்கொண்டு, அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய சவாரியை எடுத்துப் பிழைத்தேன். வரிசையில் இடம் கேட்டால் ஸ்டாண்டுத் தலைவர், "பாப்போம் மக்கா" என்பார். எட்டு மாதமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

பூசைக்காவது சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை. விடியுமுன்பே வண்டியைக் கழுவி, சீட்டுக்கடியில் கிடந்த மண்ணைக்கூட வாரி எறிந்து, சாமந்தி மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரு டிரைவர் பித்தளைத் தட்டை ஏந்தி ஒவ்வொரு வண்டியாகச் சாவி வாங்கிக்கொண்டு வந்தான். சாவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். தட்டு பதினோராவது வண்டிவரை வந்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டது. ரோட்டைத் தாண்டி என்னிடம் வரவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. "நாசமாப் போங்க" என்று நாக்கு நுனிவரை வந்ததை, நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன்.

அப்போது தலைவரின் போன் அடித்தது. பூசை செய்ய வரவேண்டிய போற்றி சுசீந்திரத்தில் மாட்டிக்கொண்டார். மொபெட் நின்றுபோய் உதைத்தாலும் கிளம்ப மாட்டேன் என்கிறதாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். மணி பத்தடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"ஏலே, எவனாவது ஒருத்தன் வண்டிய எடுத்துட்டு ஓடுங்கலே!" என்று தலைவர் கத்தினார்.

"எந்தச் சாவிய எடுக்க அண்ணாச்சி? எல்லாம் தட்டுலல்லா கெடக்கு. பூசைக்கு வச்சத ஆரத்தி காட்டாம தொடப்பிடாதுன்னு நீங்கதான சொல்லுவிய" என்றான் தட்டு ஏந்தியவன்.

பக்கத்து ஸ்டாண்டிலும் சுசீந்திரத்திலும் அதே கதை. தலைவரின் பைக் சாவிகூட அந்தத் தட்டில்தான் கிடந்தது. பதினோரு பேரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எதிர்ப்பக்கம் பார்த்தார்கள். நான் என் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான் சுற்றினேன்!

தலைவர் ரோட்டைத் தாண்டி வந்தார். எட்டு மாதத்தில் அவர் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"மக்கா, ஒரு உபகாரம் செய்வியா?"

"செய்யுதேன் அண்ணாச்சி. போற்றியக் கூட்டிட்டு வந்தா என் வண்டி எங்க நிக்கும்? அத மட்டும் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பூசை நின்றுபோனால் பதினோரு வீட்டிலும் வருஷம் முழுக்க மனசு உறுத்திக்கொண்டே கிடக்கும். நானும் அதே மூன்று சக்கரத்தில் பிழைக்கிறவள், எனக்குத் தெரியாதா? சாவியைப் போட்டுத் திருகினேன்.

அப்படி ஒரு ஓட்டம் என் ஆயுசில் ஓட்டியதில்லை. வாழையிலை படபடவென்று அடிக்கிறது, மாலை பிய்ந்து சாமந்தி என் முகத்தில் பறக்கிறது, ரோட்டோரமெல்லாம் பூசணிக்காய்க் குவியல். போற்றியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பிள்ளே, மெள்ளப் போ! அங்க சாமி படம் இருக்கு, அது போதும். எனக்க படத்தையும் மாட்ட வச்சிராத!" என்று அலறினார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பாலத்தில் ஒரு வாழைக்கன்று முறிந்து விழுந்தது. விழட்டும்!

பத்து இருபத்திரண்டுக்கு ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே என்ன நடக்கிறதென்று முதலில் எனக்கு விளங்கவில்லை. புதுச்சட்டையெல்லாம் வேர்வையில் நனைய, அத்தனை பேரும் ஆட்டோக்களைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசி வண்டிக்குப் பின்னால் ட்ரான்ஸ்பார்மர், அங்கே ஒரு சைக்கிள் நிற்கக்கூட இடம் கிடையாது. சாவியோ தட்டில். அதனால் ஒவ்வொரு வண்டியையும் அரையடி, ஓரடி என்று முன்னால் தள்ளி நெருக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் தலைவர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அதற்குப் பின்னால் சரியாக ஒரு ஆட்டோவுக்கு இடம் விழுந்திருந்தது.

"என்னட்டி பாத்துட்டு நிக்க? வண்டிய உள்ள உடு. சாவியத் தா" என்றார், மூச்சு வாங்க.

இரண்டு தடவை முன்பின் எடுத்துத்தான் உள்ளே விட்டேன். தட்டு வந்தது. என் சாவிக்கும் சந்தனம் வைத்தார்கள். போற்றி ஆரத்தி காட்டினார், மணி அடித்தது. மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம் நசுக்கினோம். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. சாம்பிராணிப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

புகை அடங்குமுன்பே பை நிறையக் காய்கறியோடு எப்போதும் என் வண்டியில் வரும் ஒரு அம்மா நேராக என்னிடம் வந்து, "ஆட்டோ வருமா?" என்றார்.

"முன்னால நிக்கிற வண்டிக்குப் போங்கம்மா" என்றேன், ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு இன்னும் முறை வரல்ல."