கட்டடத்தின் கணக்கில் நான் இல்லை

கிளீனிங் வேலையில் இருக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கட்டடத்தில் எது பிழையாய்ப் போனாலும் கையில் வாளி வைத்திருக்கிறவளிடம்தான் வந்து கேட்பார்கள். இப்ப நான் நிலவறையில் நின்று துணி மடிக்கிறேன். சிவப்பு கழிப்பறைக்கு, மஞ்சள் பேசினுக்கு, நீலம் மேசைக்கு. ஒரு நிறத்தை மடித்து முடித்தால் போனில் ஒரு துண்டு எழுதுவேன். மேலே துடைத்த நிலம் காயும்வரைக்கும் வேறு வேலையில்லை.

இது ஷ்லீரன் என்கிற ஊரில் ஒரு அலுவலகம். லைற், திரை, சூடு, காற்று எல்லாத்தையும் கொம்பியூட்டர் தன்பாட்டில் பார்க்கும். நாளைக்கு வெயிலா மழையா என்று இன்றைக்கே கணக்குப் போட்டு வைக்கும். நான் பெரிதாகப் படிக்கவில்லை, ஆக்களோடு கதைக்கவும் கூச்சம். அதுக்காக ஒருவரும் என்னை விட்டுவைக்கவில்லை.

திரை

அன்றைக்கு வெயில் வரும் என்று கணக்கு. வந்தது மூடுபனி. என்றாலும் யன்னல் திரையெல்லாம் சொன்ன நேரத்துக்கு இறங்கிவிட்டது. கணக்குப் பிரிவில் இருக்கிற பிரவு கெல்லர் என்ற அம்மா சுவிட்சைத் தேடிக் களைத்து என்னிடம் வந்தா. "நான் இல்லை, கொம்பியூட்டர்" என்று எனக்குத் தெரிந்த டொச்சு மொழியில் சொன்னேன். என் வாளியைப் பார்த்தா, துணியைப் பார்த்தா.

"அப்ப அந்தக் கொம்பியூட்டரையும் ஒருக்கால் துடைச்சு விடுங்கோ."

இருட்டு

கழிப்பறையில் ஆள் அசையாவிட்டால் லைற் நின்றுவிடும். நான் முழங்காலில் இருந்து மூலையைத் தேய்க்கிற அசைவு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு மூலைக்கும் ஒருக்கால் எழும்பி, இருட்டில் கையை வீச வேண்டும். மேல் மாடியைத் துடைக்கிற சிவம் அண்ணையிடம் சொன்னேன். அவரும் யாழ்ப்பாணம்தான், இந்த வேலையில் எனக்கு முந்தியவர்.

"கோயில்ல அரோகரா சொல்லுற மாதிரி இடைக்கிடை கையை உயர்த்து பிள்ளை. சாமி பாக்காட்டியும் சென்சர் பாக்கும்."

சின்னச் சூடு

மாரி தொடங்கியதும் பெரிய கரைச்சல் வந்தது. ஐந்து மணியோடு கொம்பியூட்டர் காற்றை நிறுத்திவிடும், துடைத்த நிலம் காயாது. நான் பெரிய அறையைத் துடைப்பதே அதுக்குப் பிறகுதான். நிலம் காயாமல் கதிரைகளை மேசையிலிருந்து இறக்கக்கூடாது, இறக்காமல் போகவும் கூடாது. மகளைப் பகலில் விடுகிற பிள்ளைக் காப்பகம், கிறிப்பே, ஆறரைக்குப் பூட்டும். என் வீட்டுக்காரருக்குப் பின்னேர வேலை, நான்தான் கூட்டி வர வேண்டும். இன்னொருக்கால் பிந்தினால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று அங்கத்தைய பொறுப்பாளர் சொல்லிப்போட்டா. இடம் போனால் என் வேலையும் போச்சு.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, கட்டடத்தின் கணக்கைப் பார்க்கிற ரேத்தோவிடம் போனேன். நல்ல பெடியன். கட்டடத்தை அப்படியே கொம்பியூட்டருக்குள் ஒரு மொடலாக வைத்திருக்கிறானாம், சுவர், யன்னல், ஆக்கள் எல்லாம் அதில் இருக்குதாம். "நான் எங்கே?" என்று கேட்டேன். கனநேரம் தேடினான்.

"அஞ்சு மணிக்குப் பிறகு ஒரு சின்னச் சூடு அங்கையும் இங்கையும் திரிஞ்சது. சென்சர் பிழையாக்கும் எண்டு அழிச்சுப்போட்டம்."

படிக்கிற கட்டடம்

பாவம் ரேத்தோ, என்னையும் மொடலில் சேர்த்துவிட்டான். நான் துடைக்கிற நேரம் காற்று வந்தது, நிலம் கெதியாய்க் காய்ந்தது, நானும் வேளைக்கு இறங்கினேன். கிறிப்பே வாசலில் முதல் ஆளாக நின்றேன். கட்டடம் அதையும் கவனித்துக்கொண்டே இருந்திருக்கு. இவள் வேளைக்குப் போறவள், காற்று எதுக்கு என்று தானே குறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் பழையபடி நிலம் ஈரம், நான் கதிரை இறக்கக் காத்து நின்றேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் கொம்பியூட்டரில் ஏறி இறங்குகிற ஒரு கோடு காட்டினான், முகமெல்லாம் சந்தோசம்.

"பாத்தீங்களோ, உங்களை எவ்வளவு கெதியாப் படிச்சிட்டுது."

கூட்டம்

சிவம் அண்ணையிடம் சொல்லும்போது அழுதேவிட்டேன். அவர் தன் வேலையை முடித்துவிட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காப்பெற் விரிப்புப் போட்ட ஓரத்தால் அந்தப் பெரிய அறையைக் கோயில் வீதி சுற்றுவது போலச் சுற்றத் தொடங்கினார். ஓராள் நின்றால் கட்டடம் நம்பாது. ஓயாமல் நடமாட்டம் இருந்தால் கனபேர் என்று நினைத்துக் காற்றைத் திறந்துவிடும். நாலைந்து சுற்றில் புஸ்ஸென்று திறந்தது. அடுத்த நாள் ரேத்தோ என்னைத் தேடி வந்தான்.

"நேற்று ஆரோ இங்கை பெரிய கூட்டம் வைச்சிருக்கினம். உங்களுக்குத்தான் துடைக்கக் கரைச்சலா இருந்திருக்கும்."

இப்பவும் மேலே அவர்தான் நடக்கிறார். அவருக்கு முழங்கால் நோ வேறு. சுருக்கமாய்ச் சொன்னால், நாளைய வெயிலை இன்றைக்கே அறிகிற கட்டடத்தில் என் பிள்ளையை நேரத்துக்குக் கூட்டி வர ஒரு மனிசன் வீதி சுற்ற வேண்டுமென்றால், இந்தப் படிப்பெல்லாம் என்னத்துக்கு என்று நான் கேட்கலாம்தான், ஆனால் சிவம் அண்ணை படியில் நின்று கூப்பிடுகிறார், காய்ஞ்சிட்டுதாம், கதிரையைத் தான் இறக்குறாராம், என்னை ஓடச் சொல்லுறார், இந்த நீலத் துணியை மட்டும்