ரூத்தின் செம்பட்டை முடி

இந்த ஊரில் குழந்தை பிறந்ததும் தகப்பன்மார் சொல்லும் வேடிக்கை ஒன்று உண்டு. இத்தனை வருடமாகியும் என் காது அதற்குப் பழகவில்லை. ஸ்காட்லாந்தின் கடலோர ஊர் ஒன்றில், பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு குளிர்காலத்தில் மீனவன் ஒருவனின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பன், அம்மா இருவருக்கும் கரிய முடி. குழந்தையின் தலையோ செங்கல் பொடியைத் தூவினாற்போல் சிவந்திருந்தது. துடைத்து, துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கள் தெருப் பால்காரனுக்கும் இதே முடிதான், சிஸ்டர்" என்றான். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த கட்டில்காரியும் சிரித்தாள். அவன் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடுவானோ என்று நான் மட்டும் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றிருந்தேன்.

காஞ்சிபுரத்தில் இதே பேச்சில்தான் என் தங்கை எஸ்தரின் குடும்பம் உடைந்தது. தென்னேரிப் பக்கம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள் நாங்கள். நான் நர்ஸ் படிப்புக்குப் போனேன். எஸ்தரை எங்கள் தாய்மாமன் மகன் சாமுவேலுக்குக் கொடுத்தார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் அவனுக்கு வேலை. குடி கிடையாது, அதிர்ந்து பேசமாட்டான். எஸ்தர், வெள்ளைக்கார டாக்டர் ஒருவரின் பங்களாவில் சமையலுக்கு ஒத்தாசையாகப் போய்வந்தாள். அந்த மனிதருக்குத் தலையில் இருந்ததே நாலு நரைமுடிதான். ஆனால் ரூத் பிறந்தபோது அதை யாரும் யோசிக்கவில்லை. குழந்தைக்கு எங்கள் நிறம், எங்கள் மூக்கு, முடி மட்டும் தாமிரம். சத்துக் குறைந்தால் முடி செம்பட்டையாகும் என்று முதலில் நாங்களே சொல்லிச் சமாளித்தோம். ஆனால் குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. பட்டறையில் ஒருவன் கேட்டானாம்: "ஊருக்கெல்லாம் சாயம் போடுறியே, உன் புள்ளைக்கு எவன்பா சாயம் போட்டான்?" சாமுவேல் ஞானஸ்நானத்தன்று கோயிலுக்கு வரவில்லை. மறுவாரம் எஸ்தரின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் அம்மா வீட்டு வாசலில் வைத்தான். "நீ இங்கியே இருந்துக்கோ" என்றான். அடிக்கவில்லை, கத்தவில்லை. அடுத்த வருடம் நான் கப்பலேறினேன். அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்ற செய்தி இங்கே வந்து சேர்ந்தது.

மீனவன் சிரித்தபடி குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போன பிறகு, வார்டு டாக்டரம்மாவிடம் இது எப்படி என்று கேட்டேன். "அப்பா அம்மா இரண்டு பேரும் கேரியர்" என்றார். டைபாய்டு பரப்புகிறவர்களைத்தான் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "என்ன நோய், டாக்டர்?" என்றேன். "நோய் இல்லை, சிவப்பு முடிக்காரர்களுக்குக் கோபம்தான் கொஞ்சம் அதிகம் வரும் என்பார்கள்" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, பொறுமையாக விளக்கினார். சிவப்பு முடிக்கான கூறு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் கருப்பு அதை மூடிவிடும். தலைமுறை தலைமுறையாக அப்படி மறைந்தே வரும். எஸ்தரைப் பற்றிச் சொன்னேன். கணவன் மனைவி உறவா என்று கேட்டார். தாய்மாமன் மகன் என்பதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து கசின் என்ற ஒரே சொல்தான் அவர்களிடம் இருக்கிறது. "குழந்தையைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. முடி சிவக்க வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்றால், நான் முதலில் அங்கேதான் தேடுவேன். இப்படி வந்த முடி, தகப்பனிடமிருந்தும் வந்ததாகத்தான் இருக்கும்" என்றார். எதைக் காட்டி என் தங்கையைக் கைவிட்டார்களோ, அது அவள் பக்கம் பேசக்கூடியதாக இருந்தது. துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

விடுமுறை கிடைத்து ஊருக்குப் போனதும் நேராகச் சாயப்பட்டறைக்குத்தான் போனேன். சாமுவேலின் கைகள் முழங்கை வரை நீலமாக இருந்தன.

"ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் அப்படி வருமாம், சாமுவேலு. உங்கப்பாவும் எங்கம்மாவும் ஒரு வயித்துப் புள்ளைங்கதானே. அங்கேர்ந்துதான் வந்திருக்குது. ரூத்து உன் பொண்ணுதான்."

நூலைப் பிழிந்து கம்பில் போட்டுவிட்டுத்தான் பேசினான். "அப்போ எங்க தாத்தனோ ஆயாவோ வெள்ளைக்காரனுக்குப் பொறந்தவங்கன்றீங்களா, அண்ணி?"

"யாருக்குத் தெரியும்? எப்பவோ, எந்தத் தலைமுறையிலயோ."

"செத்து மண்ணாப் பூட்டவங்க. அவங்க தலையில இத்த ஏத்தணுமா? எனக்கு இப்ப ரெண்டு பசங்க இருக்குதுங்க. நாளைக்கு அதுங்களையும் கேப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "என் புள்ளன்னு தெரிஞ்சா மட்டும் நான் இன்னா பண்றது, அண்ணி?" என்றான்.

அம்மா வீட்டுக்கு வந்தேன். எஸ்தர் கூலிக்குப் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னபோது அவள் கை நிற்கவில்லை.

"உன்னை யாரு போவச் சொன்னது, அக்கா? நான் என் வாயால சொன்னப்ப நம்பல. டாக்டரம்மா சொல்லி நம்புனா அது எனக்கு எதுக்கு?"

"என்கூட வந்துடு, எஸ்தரு. புள்ளையையும் கூட்டிக்கினு வா. அங்க யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

"நான் போய்ட்டா, அவங்க சொன்னது நெசம்னு ஆயிடும்" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே விடவில்லை.

நான் கிளம்பும் நாளில் பஸ் ஏற்றிவிட ரூத் வந்தாள். தலை நிறைய எண்ணெய் வைத்து எஸ்தர் இறுக்கிப் பின்னியிருந்தாள். அப்படியும் வெயிலில் சிவப்புத் தெரிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரிம்மா, உங்க ஊர்ல எல்லாருக்கும் முடி இப்படித்தான் இருக்குமா?"

"நெறைய பேருக்கு இருக்கும்மா."

"அப்போ நான் அந்த ஊரா?"

"இல்லம்மா, நீ இந்த ஊரு" என்றேன். திரும்பிப் பார்த்த அந்த இருவரையும் அவள் ஒருமுறை பார்த்தாள்.

பஸ் வாலாஜாபாத் தாண்டிய பிறகுதான், 'உங்க ஊர்' என்று அவள் சொன்னதை நான் திருத்தவில்லை என்பது உறைத்தது. திருத்தியிருந்தால் எந்த ஊரைச் சொல்லியிருப்பேன்? பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் என் கோட்டையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டாள். வார்டிலும் தினம் யாராவது அதைத்தான் கேட்கிறார்கள். காது கேட்காதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.