அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்

கீழ்வேளூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய்க் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்வது என் வேலை. ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் உழுகிறவரை நிலத்தை விட்டு எளிதில் கிளப்ப முடியாது. அதனால் நான் போய் நின்றாலே பேச்சு நின்றுவிடும். ஹோட்டலில்கூட என் மேஜையில் யாரும் உட்கார மாட்டார்கள். பேச ஆளில்லாததால் கேட்கப் பழகினேன். கேள்வி முடியும் முன்பே வருகிற பதிலும், கேட்காததற்கு வருகிற விளக்கமும் என்னவென்று புரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் ஒரு பண்ணை வயலைப் பற்றி நாற்பது வயதுக்காரர் ஒருவரை விசாரித்தேன். பண்ணையின் காரியஸ்தர் அவருக்குப் பின்னால் நின்றார். அந்த நிலத்தைத் தான் சாகுபடி செய்யவில்லை, கூலிக்குப் போவதோடு சரி என்றார் அவர். பண்ணையே செய்கிறது என்று, நான் கேட்காமலே சொன்னார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மழைக்கு அந்த வயல் தாங்குமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"வடக்கு மூலை தாங்காதுங்க. போன வருஷம் ரெண்டு தரம் நட்டேன்."

சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

காரியஸ்தர் வெற்றிலை துப்பப் போனபோது, இப்போதாவது உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன்.

"வீடு அவுங்க மனையில இருக்குங்க. நான் சொன்னபடியே எழுதிக்குங்க."

எழுதினேன். கைநாட்டு வைத்தார். அறைக்கு வந்து, பட்டுக்கோட்டையில் இருந்த மனைவிக்கு இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். சௌக்கியம் என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து, புதுச் சட்டப்படி, குடியிருந்த பண்ணை மனைக்கு அந்த உழவருக்கே பட்டா கிடைத்தது. உடனே குத்தகைப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டார். விசாரணையில் பண்ணை வக்கீல் நான் எழுதியதைத்தான் எடுத்துக் காட்டினார். இவர் இப்படிச் சொன்னாரா என்று தாசில்தார் என்னைக் கேட்டார்.

"சொன்னார் சார். அது பொய்னு எனக்கு அப்பவே தெரியும்."

வடக்கு மூலை விஷயத்தைச் சொன்னேன். தெரிந்தும் ஏன் எழுதினீர் என்றார். 

தாசில்தார் நேரில் போய் வயலைப் பார்த்து, பக்கத்து வயல்காரர்களை விசாரித்துப் பெயரைச் சேர்த்தார். எனக்கு மெமோ வந்தது.

உத்தரவை வாங்கிக்கொண்டு மனுப் போட்டவர் வெளியே வந்தபோது நான் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன்.

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கு உங்களுக்கு," என்றார்.

"ஆமாங்க."

தலையாட்டிவிட்டுக் காகிதத்தை மடித்தார். கொஞ்ச நேரம் இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிக்கொண்டார்.