ஆடிட்டர் கேட்ட கல்யாணங்கள்

இது எண்பதாம் ஆண்டுக் கோடையில் நடந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் சங்கத்துக் கல்யாண மண்டபத்து மேனேஜர் எனக்குச் சிநேகிதர். ஊரில் எது எப்போது நடந்தது என்று குறித்துவைப்பது என் வழக்கம். அதற்காக அவருடைய புத்தகங்களைப் புரட்டப் போவேன்.

வருஷத்துக்கொரு புத்தகம். நடந்ததும் நடக்கப்போவதுமான கல்யாணங்கள் எல்லாம் முகூர்த்த வரிசையில், தமிழ்த் தேதியில் மட்டும் இருக்கும். முகூர்த்தத்தை ஆங்கிலத் தேதியில் எழுதினால் ஆகாது என்று பழைய தலைவர் ஒருவர் விதித்திருந்தார். புது ஆடிட்டருக்கோ தமிழ் மாதமே தெரியாது. 1978 ஏப்ரல் முதல் 1980 மார்ச் வரை நடந்த கல்யாணங்களுக்குப் பட்டியல் கேட்டார். அதைக் கொடுத்தால்தான் மேனேஜருக்கு மறுநாள் லீவு. மறுநாள் சிவகிரியில் அவர் மகளுக்குக் கல்யாணத் தேதி குறிக்கிறார்கள். தகப்பன் போகாமல் முடியாது.

நான் போனபோது மனிதர் பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே உட்கார்ந்து, முதல் புத்தகத்திலிருந்து ஒவ்வொரு கல்யாணத்தையும் ஆங்கிலத் தேதிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஒன்றை மாற்றி முடித்ததும், "இது வராது" என்று அடுத்ததற்குப் போனார்.

"இது எந்த வருஷத்துக் கல்யாணம் வே?"

"அறுபத்திமூணு, அண்ணாச்சி. மாத்திப் பாத்தாத்தானே வராதுன்னு தெரியும்?"

"அந்த மாப்பிள்ளைக்குத் தலையே நரைச்சாச்சு. ஆடிட்டர் சொன்ன ரெண்டு தேதியையும் தமிழுக்கு மாத்தும். பிங்கள வருஷம் பங்குனியில தொடங்கி சித்தார்த்தி வருஷம் பங்குனியில நிப்பாட்டும். நடுவுல உள்ளத மட்டும் மாத்தி எழுதுனா போதும்."

"அப்ப மத்தத?"

"தொடவே வேண்டாம்."

ஏதோ களவுக்குக் கூப்பிட்டவனைப் போல என்னைப் பார்த்தார். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் வருஷப் பெயர் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டியவரும் அவர்தான். ஆடியும் மார்கழியும் வெறும் பக்கங்கள். சாயங்காலக் காப்பிக்குள் பட்டியல் முடிந்தது.

சிவகிரி போய்த் திரும்பியவர் முகம் தொங்கிக் கிடந்தது.

"தேதி குறிக்கலையா வே?"

"ஆவணியில நல்ல முகூர்த்தம். நம்ம மண்டபத்துலதான்னு வாக்கும் குடுத்திட்டேன். இப்பத்தான் புத்தகத்தைப் பாக்கேன், அன்னைக்கு வேற கல்யாணம் எழுதியிருக்கு. என் கையெழுத்துதான்."

புத்தகத்தை மூடி வைத்தார்.

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி, உங்க வழி நல்ல வழி. புரட்டுன உடனே கெடச்சிட்டு."